பழுப்புப் பம்பும் பால்குடமும்

காஹாங் பக்கம் பால்குடம் எடுத்த பெண் ஒருத்தி பாதி வழியில் சுருண்டு விழுந்துவிட்டாளாம்.

“ஆஸ்துமா பம்பு அடிச்சு அடிச்சு நெஞ்சே சோம்பேறியாயிருச்சாம்,” என்றாள் பக்கத்து வீட்டு மலர். அவளும் பார்க்கவில்லை. கொழுந்தியாள் சொல்லக் கேட்டதுதான்.

தங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் போன தைப்பூசத்தன்று பாதி வழியில் நின்றவள், இதைக் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரிதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவன் கமலநாதன் மோட்டார் சைக்கிள் விபத்தில் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்ட குடம். விரதம் தொடங்கிய அன்றே கறி, மீன், கட்டில், தலையணையோடு ஆஸ்துமா பம்பையும் ஒதுக்கி வைத்தாள். மருந்து உள்ளே போனால் விரதம் கெடும் என்று நினைத்தாள். கோயில் வளைவு கண்ணில் படும்போது மூச்சு அடைத்தது. குடத்தை வேறு யாரோ இறக்கினார்கள்.

இந்த முறை விரதத்துக்கு முன்பே கிளினிக்குக்குப் போய், தாதி பிரவீனாவிடம் கேட்டாள்.

“மிஸ்ஸி, விரதத்துல பம்பு அடிக்கலாமா? நெஞ்சு சோம்பேறியாயிருமாமே?”

“பல்லு வெளக்குவீங்கல்ல?”

“பின்ன?”

“அப்ப பம்ப அடிச்சிட்டு வாய் கொப்பளிச்சிடுங்க. முருகன் கோச்சுக்க மாட்டாரு லா.” பிரவீனா பழுப்பு, நீலம் என்று இரண்டு பம்புகளை மேசைமேல் வைத்தாள். “நெஞ்செல்லாம் சோம்பேறியாகாதுக்கா. மூச்சுக்குழாய்தான் உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு. பழுப்பு அந்த வீக்கத்த மெல்ல வத்த வைக்கும். நல்லா இருக்கறப்பவும் தினமும் அடிக்கணும். நீலம் அவசரத்துக்கு. வழியில விசில் சத்தம் வந்தா குடத்த இறக்கிட்டு நீலத்த அடிங்க. அடங்கலன்னா நேரா ஆஸ்பத்திரி. குடம் காத்திருக்கும்.”

கஸ்தூரி பழுப்புப் பம்பை ஒரு நாளும் தவறவிடவில்லை.

பூசத்தன்று மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு நடந்தாள். கூடவே வந்த மலர் அவள் இடுப்பில் செருகியிருந்த நீலப் பம்பைப் பார்த்தாள்.

“என்னடி அது, துப்பாக்கியா?”

“ஆமா. வழிய மறிக்காத.”

முன்னால் ஒருவர் சாம்பிராணித் தட்டோடு போனார். புகை நேராக முகத்துக்கு வந்தது.

“அண்ணே, கொஞ்சம் பின்னால போங்க. பொகை எனக்கு ஆகாது.”

“சாமி பொகைம்மா.”

“சாமிக்கு ஆகும்ணே. எனக்கு ஆகாது.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். உறுமி மேளம் வேகம் பிடித்தது. வளைவு வந்தது. போன வருடம் நின்ற இடத்தில் கால் தானாகத் தயங்கியது. கஸ்தூரி தன் நெஞ்சையே காது கொடுத்துக் கேட்டாள். மேடு ஏறும் யாருக்கும் வாங்குவதுபோல்தான் மூச்சு வாங்கியது; விசில் இல்லை. வளைவைத் தாண்டினாள். பின்னால் மலர் விட்ட “வேல் வேல்” மேளத்தையே அமுக்கியது.

குடத்துப் பால் வேலின்மேல் வழிந்தபோது கஸ்தூரி அழவில்லை, சிரித்தாள். பூசாரியே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்ததும் கமலநாதனை அழைத்தாள். சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை இல்லை. வேலை நேரத்தில் கைப்பேசி அலமாரிக்குள் கிடக்கும். தெரிந்தும் துண்டிக்க மனம் வரவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட எல்லாவற்றையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவள் வெயிலில் நின்றாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.