கீழ்வீட்டுச் சூடு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அந்தக் கட்டடம் முழுக்க ஒரே பேச்சு: கீழ்வீட்டு ஹீட்டரின் சூட்டை மாடியிலிருக்கும் வீட்டுக்கார ஃபெர்கஸ் இழுத்துக்கொள்கிறானாம். கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த இஷ்பெல், முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். யாரையும் எளிதில் நம்பமாட்டாள். காலையில் கொதிக்கிற ஹீட்டர் சாயங்காலம் ஜில்லிட்டுப்போகிறதே! மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

"என் சூடு எங்கடா, திருடா?"

ஃபெர்கஸ் கோட்டும் குல்லாயுமாக நடுங்கியபடி வந்தான். அவளோடு கீழே இறங்கி, ஹீட்டரிலிருந்த இரண்டு குமிழ்களைக் காட்டினான்.

"இது ராத்திரியில மலிவா கிடைக்கிற கரண்டுல சூட்டைச் சேர்த்துவைக்கும். அது வெளிய விடும். அதைத் திறந்துவச்சிட்டா தூங்குறீங்க?"

"படுத்தா குளிருமே!"

"அப்ப சூடெல்லாம் மத்தியானமே தீந்துடும். மூடிவச்சு, சாயங்காலம் திறங்க, தாயே."

மறுநாள் மாலை வீடு கதகதத்தது. 'இவ்வளவு விவரம் தெரிஞ்சவன் யோக்கியனா இருப்பானா?' என்று இஷ்பெல் யோசித்துக்கொண்டே இருக்கிறாள். அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.