நான் தூக்கிய கை

போன வாரம் செஞ்சியில் ஒரு கல்யாணம். பெண், என் பக்கத்து வீட்டுக்காரரின் மகள். நாகஸ்வர செட் ஏற்பாடு செய்தது அடியேன்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நாகஸ்வரம் – அனந்தபுரம் சாந்தி. தவில் – அவர் கணவர் ஏழுமலை. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று வருஷக்கணக்காக வாசிக்கிறவர்கள். சாந்தி தோடி வாசித்தால் எனக்கு எழுந்துபோக மனசு வராது. ஆனால் சபா மேடை? ஒன்றுகூட ஏறியதில்லை. யார் கூப்பிடுகிறார்கள்?

மாப்பிள்ளைக்கு உறவான ஒருவர் என் நண்பர். சென்னையில் ஒரு சபாவின் செயலாளர். கல்யாணத்துக்கு வரும்போது கேட்கிறேன், பிடித்திருந்தால் சீசனில் ஒரு கச்சேரி தருகிறேன் என்று சொல்லியிருந்தார். சாந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். முகூர்த்தத்துக்கு முன்னால் தோடியை வாசித்துவிடுவதாகச் சொன்னார்.

சொன்னபடி ஆரம்பித்தும் விட்டார். நண்பரைத்தான் காணோம். திண்டிவனம் ரோட்டில் வந்துகொண்டிருப்பதாக மெசேஜ். இங்கே ராகம் மேலே மேலே போகிறது... மண்டபத்தில் ஆளாளுக்கு செல்ஃபி. கல்யாண வீட்டில் நாகஸ்வரத்தை யார் கேட்கிறோம்? நின்றுபோனால்தான் திரும்பிப் பார்ப்போம்.

ஒருவழியாக நண்பர் வாசலில் தலைகாட்டினார். முன்வரிசையில் அவருக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். அவசரத்தில் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, வா வா என்று ஆட்டினேன்.

முகூர்த்த நேரத்தில், முன்வரிசையில் நின்றுகொண்டு ஒரு பெரிய மனுஷன் கையைத் தூக்கி ஆட்டினால் என்ன அர்த்தம்? உங்களுக்கே தெரியும். மணமேடையை வீடியோக்காரர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலையின் கண்ணில் பட்டது என் கை மட்டும்தான்.

கெட்டிமேளம்!

தோடி பாதியில் அறுந்தது. அட்சதை பறந்தது. தாலியோ ஆசீர்வாதத்துக்காகத் தட்டோடு மூன்றாவது வரிசையில் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டை வைத்திருந்த அம்மாள் தலையிலும் அட்சதை.

பெண்ணின் அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்து ஏழுமலையைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், தாலி இன்னும் கூட்டத்துல சுத்திக்கினு இருக்குது. இன்னாத்துக்குயா அடிச்ச?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். நான்? மெதுவாக உட்கார்ந்துவிட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு... ஒன்றும் தெரியாதவன் மாதிரி. நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

அவசரமாகத் தாலியை மேடைக்குக் கொண்டுபோனார்கள். மறுபடி கெட்டிமேளம், மறுபடி அட்சதை. கூட்டம் பந்திக்கு ஓடியது. விட்ட ராகத்தை எங்கே போய்ப் பிடிப்பது? நண்பர் ஒரே சத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சாப்பிட்டு எழுந்தபோது சாந்தி எதிரில் வந்தார். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிக்கோங்க சார். நீங்க மெனக்கெட்டு அவர வரவழைச்சீங்க. எங்க வூட்டுக்காரருதான் அவசரப்பட்டுட்டாரு."

"பரவாயில்லம்மா" என்றேன். என்ன ஒரு பெருந்தன்மை பாருங்கள்!

கை கழுவும் இடத்தில் ஏழுமலை தனியாக நின்றிருந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. அந்தக் கை என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். அடிக்கும்போதே பாத்துட்டேன்" என்றார்.

அப்படியானால் அத்தனை பேர் முன்னால் ஏன் திட்டு வாங்கினார்? மனைவியிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்கு சங்கடமாப்பூடும் சார். அப்புறம் அந்த சபாக்காரருகிட்ட சாந்திக்காக யாரு பேசறது?"

எனக்காக இல்லை, மனைவிக்காக. அதுவும் என்னை நம்பி! குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

சாந்தி, தப்பு உங்கள் வீட்டுக்காரர் மேல் இல்லை. என் மேல். மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

சபா நண்பரே, நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் நீர் தவறாமல் படிக்கிறவர். ஒருநாள் அனந்தபுரத்துக்கு வாரும். தோடியை முதலிலிருந்து கேளும்.

நான் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.