அருவியை மூடினால் ஸ்டேடியம்

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில், வாய் என்ன பேசினாலும் கண் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாவோ கல்யாண வேனோ, ஒரு தடவையாவது பொறுப்பேற்றுப் போய்வந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

தென்காசியில் ஒரு டிராவல்ஸில் வழிகாட்டியாக இருக்கிறேன். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களை அருவி அருவியாகக் கூட்டிப் போவதுதான் எனக்கு வேலை. மலையில் மழை கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். லாட்ஜில் முடங்கிக் கிடப்பவர்களை என்ன செய்வது? எங்கள் டிரைவர் செய்யது அண்ணன்தான் யோசனை சொன்னார். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் கேரளத்தில் சர்வதேச மேட்ச் நடக்கிற பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் ஒன்று இருக்கிறது. ஆட்டமில்லாத நாளில் அனுமதி வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். அப்படி ஆரம்பித்தது, இப்போது உள்ளூர்க்காரர்களே கேட்டு வருகிற அளவுக்கு ஆகிவிட்டது.

எண்ணெயோடு வந்தவர்

முதல் தடவையே சோதனை. விருதுநகர்க்காரர் ஒருவர், மெயின் அருவிப் பக்கம் ஆள் வைத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து முடித்த நிமிஷத்தில் தடை வந்துவிட்டது. வேன் கிளம்புகிற நேரம். போகிற வழியில் ஏதாவது ஓடையில் குளித்துக்கொள்கிறேன் என்று துண்டைப் போர்த்திக்கொண்டு ஏறிவிட்டார். வழியில் ஓடையெல்லாம் செம்மண் கலங்கி ஓடியது.

ஸ்டேடியம் வாசலில் இருந்த செக்யூரிட்டியை நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுவோம். மனிதர் மினுமினுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சேட்டன் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். சீட்டெல்லாம் எண்ணெய்க் கறையாகும் என்றார். இவருடைய மனைவி, மக்கள் எல்லாரும் அதற்குள் உள்ளே போயாகிவிட்டது. நான் கெஞ்சினேன். சேட்டன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். காலரிக்குப் பின்னால் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாய் கிடந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கால் மணி நேரத்தில் தலை துவட்டிக்கொண்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. “மெயின் அருவியில கூட இந்த ஃபோர்ஸ் கிடையாது மேடம்!”

காலரியில் வெண்டைக்காய் ஏலம்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். திரும்புகிற நேரத்தில் எண்ணினால் இருபத்தொன்று. காணாமல் போனவர் சுடலைமுத்து அண்ணாச்சி. மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். சர்க்கரை வியாதிக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். போனை வேனில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஒருவரைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நிறத்தில் சீட்டு, அதே மாதிரிப் படிக்கட்டு. நான் ஒரு பக்கம், செய்யது அண்ணன் ஒரு பக்கம் ஓடினோம். மயங்கி எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தேன். அவர் வீட்டில் என்ன சொல்வேன் என்று நினைக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அப்போது மைதானம் முழுக்க ஒரு குரல் சுற்றி வந்தது. “வெண்டைக்கா... வெண்டைக்கா... யாரும்மா கேக்குதீய?” எதிர்ப்பக்கம், ஆக உச்சி வரிசை. மூச்சு வாங்க ஏறிப்போனேன். ஏறி வந்த படி எதுவென்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்துச் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுக்கத்தான் முடிந்தது. அவர் நிதானமாக மென்றுகொண்டே சொன்னார்: “முந்நூறு பேரு கத்துத மார்க்கெட்லயே என் சத்தம் தனியா கேக்கும். இங்கன ஒரு ஆளும் இல்லையே, நீ எதுக்கும்மா பயப்படுத?”

சீட்டுக்குக் கீழே கை

கடையநல்லூர் யூசுப் பாய் வளைகுடாவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மனைவியோடு வந்திருந்தார். எல்லாரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் குத்தவைத்து, சீட்டு சீட்டாக அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். சேட்டன் ஓடி வந்துவிட்டார். சீட்டைக் கழற்றுகிறார் என்றே நினைத்துவிட்டார்போல.

யூசுப் பாய் பதறவில்லை. வளைகுடாவில் ஒரே ரூமில் கூட இருந்தவர்களிடம் கற்ற மலையாளத்தில், அங்கே ஸ்டேடியங்களில் தனக்குச் சீட்டு மாட்டுகிற வேலைதான் என்றும், இந்தச் சீட்டில் போல்ட் லூசாக இருக்கிறது என்றும் சொன்னார். சேட்டன் ஆட்டிப் பார்த்தார், ஆடியது. ஸ்பேனர் வந்தது. பாய் இறுக்கிக் கொடுத்தார். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். எழுந்து கை துடைத்தவரைப் பார்த்து, அவர் மனைவி பக்கத்துச் சீட்டைத் தட்டினார். “இத்தன வருசமும் போன்ல சீட்டு மாட்டுதேன், சீட்டு மாட்டுதேன்னு சொன்னீயளே, என்னைக்காவது ஒண்ணுல உக்காந்தீயளா? இப்பவாவது உக்காருங்க.”

கயிறு வரைக்கும்

ஆய்க்குடி பரமசிவன் சார் போனில் பதிவு செய்தபோது, தனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது என்றார். நான் யோசிக்காமல், “அங்க பாக்கத்தான சார் எல்லாமே இருக்கு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர், “பாக்கத்தான் மேடம் வாரேன்” என்றார். சரித்திர வாத்தியார். காலேஜில் படிக்கும்போது, சத்தம் போடுகிற பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடியவர்.

காலரியில் நின்று நான் நிறம், கூரை, விளக்குக் கம்பம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிட்ச்லருந்து பவுண்டரி எவ்வளவு தூரம்?” என்றார். எழுபது மீட்டர் இருக்கும் என்றேன். “கணக்கு வேண்டாம் மேடம். நடந்து பாக்கணும்.” புல்லில் வெளியாள் யாரும் கால் வைக்கக் கூடாது. எனக்குத் தெரியும், ஆனாலும் சேட்டனிடம் கேட்டேன். முடியாது என்று தலையாட்டினார். சார் குச்சியை மடக்கிக்கொண்டார். சேட்டன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மைதானத்தைப் பராமரிக்கிற பெரியவரோடு திரும்பி வந்தார். செருப்பைக் கழற்ற வேண்டும், மூடி வைத்திருக்கிற பிட்ச்சை மிதிக்கக் கூடாது என்று பெரியவர் சொன்னார். “பதுக்கே நடந்தா மதி” என்று சேட்டன் தன் முழங்கையை நீட்டினார். மெதுவாக நடந்தால் போதுமாம்.

மறுநாள் பயிற்சிக்காகப் பவுண்டரிக் கயிறு போட்டிருந்தார்கள். பிட்ச் ஓரத்திலிருந்து சார் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். அறுபதில் நின்று, “இன்னும் வரலையா?” என்று சிரித்தார். மேலதிகாரி யாராவது வந்து வெளியே போ என்று சொல்லிவிடக் கூடாதே என்று நான் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. எண்பத்தெட்டாவது எட்டு வைக்கும்போது அவர் கால் கயிற்றில் தட்டியது. குனிந்து இரண்டு கையாலும் அதைத் தடவினார். அப்புறம் நாங்கள் நடந்து வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். “ரேடியோல பவுண்டரி, பவுண்டரின்னு கத்துவாங்கல்லா மேடம், அந்தப் பந்து எம்புட்டு தூரம் ஓடி வந்திருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

இத்தனை தடவை போய்வந்தும் அந்த ஸ்டேடியத்தில் ஒரே ஒரு மேட்ச்கூட நான் பார்த்ததில்லை, போனவர்களை எல்லாம் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்ததோடு சரி.