ஏழாவது நாள் காய்ச்சல்

"அக்குள்ல, இடுப்புல, தொடையிடுக்குல எங்கயாவது கருப்பா பொருக்கு இருக்குதுங்களா? பீடி நெருப்பு சுட்ட மாதிரி?"

காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் சுல்தானா நலம் விசாரிக்கும் முறை இது. கேட்கப்பட்டவர் கூசிப்போய்ப் போர்வையை இழுத்துக்கொள்வார். "வெக்கப்பட்டா கிருமிக்குத்தான் கொண்டாட்டம்" என்றபடி சுல்தானா மறைப்புத் திரையை இழுத்துவிடுவார்.

தருமபுரியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பதினாறு வருடமாக டெக்னீஷியன். வார்டுக்குப் போவது அவர் வேலையே இல்லை. ஆனாலும் போவார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். குரல் மட்டும் இரண்டு அறை தாண்டும். மரபணுச் சோதனை செய்யும் பிசிஆர் இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் ஜெராக்ஸ் கடை. "ஒண்ண ரெண்டாக்கும், ரெண்ட நாலாக்கும். கோடிக்கணக்குல காப்பி எடுத்த பொறவுதான் நம்ம கண்ணுக்கே தெரியும்."

உண்ணிக் காய்ச்சல் என்றால் அவருக்குத் தனி உற்சாகம். புதரில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்க, அதன் வழியாக உடம்புக்குள் இறங்கும் கிருமியால் வருவது அது; பலருக்குக் கடித்த இடத்தில் கருத்த பொருக்கு நிற்கும். பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்கு அவர் சொல்வார்: "தனியா பொழைக்கத் தெரியாத ஜீவன் இது. நம்ம செல்லுக்குள்ள பூந்தாத்தான் சோறு. பூர்றதுக்குன்னே ஒடம்பு மேல ஒரு புரதத்தப் பூசிக்கிட்டு வருது. செல்லு ஏமாந்து தானே இழுத்து உள்ள வுட்டுக்கும். உள்ள பெருகி வெளிய வர்றப்ப, அந்த வூட்டுப் போர்வையவே கிழிச்சுப் போத்திக்கிட்டு வரும்."

ரத்தக் குழாய்களின் உட்சுவர் இப்படிச் செல் செல்லாகச் சிதைந்தால் நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீரகம் தளரும். உள்ளே நுழைய உதவும் அந்தப் புரதத்தின் செய்முறையை எழுதிவைத்திருக்கும் ஜீனைத்தான் சுல்தானா தேடுகிறார்.

போன கார்த்திகையில் ஏரியூர்ப் பக்கமிருந்து குள்ளம்மாள் வந்து சேர்ந்தார். கடலைக்காட்டு வேலைக்குப் போகிறவர். ஏழாவது நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள் சோதனையிலும் இல்லை என்றே வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் பிரபாகர் சேலத்துக்கு அனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது சுல்தானா போய் நின்றார்.

"நான் குடுத்த ரிப்போர்ட்ட நானே நம்பல சார். ஒடம்பு எதிர்ப்பு கட்டறதுக்கே ஒரு வாரம் மேல ஆவும். பத்து நிமிசம் குடுங்க, தேடிப் பாக்கறேன்."

"டூட்டி டாக்டர் பாத்தாச்சு மேடம்."

"பொம்பள பாக்கலீங்களே சார்."

காதுக்குப் பின்னால் பார்த்தார், கழுத்தில் பார்த்தார், அக்குளில் பார்த்தார். எங்கும் இல்லை. வியர்வையில் நனைந்து இறுகியிருந்த பாவாடை நாடாவை அவிழ்த்தபோது, அது பதிந்த தடத்துக்குள் துவரம்பருப்பு அளவில் கருத்த பொருக்கு. வலிக்கவே வலிக்காததால் குள்ளம்மாளுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

"கெடச்சுட்டான் சார்" என்ற குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

டாக்டர் அந்தக் கணமே மருந்தை ஆரம்பித்தார்; கடிதத்தைக் கிழித்தார். பொருக்கைப் பக்குவமாக எடுத்து இயந்திரத்தில் ஏற்றிய சுல்தானா மதியச் சாப்பாட்டை மறந்தார். கணினித் திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு, இருபத்து மூன்றாவது நகல் சுற்றில் தலை தூக்கியது; கிருமி இருக்கிறது. கைதட்டிச் சிரித்தார். "ரத்தத்துல தேடியிருந்தா சிக்கியிருக்க மாட்டான்" என்று சக ஊழியர் நவநீதனிடம் மூன்று தரம் சொன்னார்.

மருந்து ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலையில் குள்ளம்மாள் தானே நடந்து ஆய்வகத்துக்கு வந்தார்.

"அந்தக் கெரகத்த எனக்குக் காட்டுங்க மேடம். பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

சுல்தானா கணினியில் அந்தக் கோட்டைக் காட்டினார். குள்ளம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோதானா? இதுக்கா நான் ஏழு நாள் பெனாத்திக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். சுல்தானா கையுறையைக் கழற்றினார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். நுனிக்காலில் எம்பி, குள்ளம்மாளின் குளிர்ந்த நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தார்.