ஐந்தாம் எண் இல்லாத போன்

நான் வேலை பார்க்கும் ஜப்பானிய ஊருக்கு வரும் ரயில் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நான்கு நிமிடம் ஓடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் கையில் இருக்கும் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூடக் குறையாது. வந்த புதிதில் இதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோடுகள் நிறைந்து நிற்பதைப் பார்த்தாலே போனைக் குப்புற வைத்துவிடுகிறேன். அவற்றை நம்பி நான் ஒரு காரியம் செய்தேன். அதனால் என் அப்பா பதினான்கு மாதம் தினமும் காட்டெருமை நடமாடும் இடத்தில் போய் நின்றார். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல வெளியே வந்து வீட்டுக்கு ஆசையாகப் போன் வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீடு மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழ் ஆறு குடும்பம் வாழும் லயம். அப்பா எஸ்டேட் பேக்டரியில் காலை ஷிப்ட், அம்மா கொழுந்து பறிக்கிறாள். நான் கோயம்புத்தூரில் நர்சிங் படித்து, அங்கேயே ஜப்பானிய மொழியும் படித்து, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தேன். அப்பாவின் பழைய போனில் பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பதாக அம்மா சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தலையணைக்கு அடியில் வெடித்துவிடும் என்று பயம். நான் பயந்தாங்கொள்ளி, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த லீவு நாளில் கடைக்குப் போய், நல்ல நிலையில் இருந்த பழைய போன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இது இந்தியாவில் வேலை செய்யுமா?" என்று கேட்டேன். கடைப்பெண் தலையைச் சற்றுச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "தபுன்... தாய்ஜோபு" என்றாள். அநேகமாகப் பரவாயில்லை என்று பொருள். இங்கே முகத்துக்கு நேரே தெரியாது என்று சொல்லமாட்டார்கள். மூச்சை இழுத்தால் சந்தேகம் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. எந்த நாட்டு சிம்மும் போடலாம், பூட்டு இல்லாத போன் என்று அட்டையில் எழுதியிருந்தது. அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

லீவில் ஊருக்குக் கிளம்பிய குன்னூர்ப் பெண் ஒருத்தியிடம் அதைக் கொடுத்து அனுப்பினேன். அப்பா குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பக்கத்துக் கடையிலேயே சிம் போட்டு, அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டார். "ஃபுல் டவர் புள்ள! நாலு கோடு!" என்று பஸ் சத்தத்துக்கு மேல் கத்தினார். பழைய போனை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார். அதிலிருந்து, நான் வேலை முடித்து அறைக்கு வரும் இரவு எட்டரை மணிக்கு, அங்கே மாலை ஐந்து மணிக்கு, தினமும் பேச்சு. எப்போதும் வெளியில்தான் நின்றுகொண்டிருப்பார். தலைக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரம் தெரியும். ஒருநாள் கேட்டேன், "ஏம்ப்பா எப்பவும் வெளியவே நிக்கிறீங்க?"

"உள்ளாற இருட்டா இருக்கு புள்ள. உன் மூஞ்சி தெரிய மாட்டேங்குது."

நம்பினேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச வருவாள். மற்ற நாளில் அலுத்துப் படுத்திருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் முதல் லீவு கிடைத்தது. என் போனும் அதே ஜப்பானியக் கம்பெனி. கோயம்புத்தூரில் இறங்கியதும், அப்பா வைத்திருக்கும் அதே சிம் கம்பெனியில் ஒன்று வாங்கிப் போட்டேன். பர்லியாரில் பஸ் நின்றபோது, அம்மாவுக்குப் பலாச்சுளை வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் பக்கம் கோடு நிறைந்திருந்தது, அந்தப் பக்கம்தான் அப்பாவின் போன் கிடைக்கவில்லை. மஞ்சூர் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசியில் என் போனிலும் கோடுகள் போய்விட்டன. மழைக்கு டவர் படுத்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. ஆனால் பக்கத்து வீட்டு செல்வி அக்காவின் போன் சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் அடித்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா டவர் வருது?" என்றேன்.

"எல்லாருக்குந்தான் வருது. ஜன்னல்கிட்ட வச்சா ரெண்டு கோடு நிக்கும்," என்றார் செல்வி அக்கா. அப்பாவின் போனைப் பார்க்கத் திரும்பினேன். அவர் அதை எடுத்துக் குப்புற வைத்தார். மழைக்கு அப்படித்தான் என்றார்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி ஆனது. அப்பா எழுந்தார். ஸ்வெட்டரை மாட்டினார், மப்ளரைச் சுற்றினார், போனைப் பைக்குள் வைத்தார், மூலையில் இருந்த தடியை எடுத்தார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"நீ கூப்புடுற நேரமாச்சுல்ல..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். கூப்பிட வேண்டிய நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கண்ணைத் துடைத்தாள். "சொல்லித் தொலைங்களேன் அவகிட்ட. பதினாலு மாசமா இந்தக் கூத்துத்தான். அந்தப் போனு இந்த வீட்டுக்குள்ள ஒரு நாளு பேசியிருக்கா? தெனமும் தண்ணித் தொட்டி வளைவு வரைக்கும் ஓடுறாரு. மழையும் கெடையாது, பனியும் கெடையாது. காலு தானா போகுது."

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"ஆசையா வாங்கி அனுப்பியிருக்க. லயமே வந்து பாத்துட்டுப் போச்சு. அது வேலை செய்யலன்னு எப்பிடி சொல்றது?" என்றார் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பேசாம விட்டா நீ பயந்துருவ. நானும் பயந்துருவேன்" என்றார்.

இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அப்பா பத்து வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கல்யாணமாகியிருந்த அவருடைய அக்கா அட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ஒரு சமயம் அங்கே கலவரம் என்று செய்தி வந்தது, அக்காவின் கடிதம் நின்றுபோனது. எட்டு மாதம். தபால்காரர் லயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பின்னாலேயே ஓடிக் கேட்பேன் என்பார். கடைசியில் கடிதம் வந்தது, அக்கா நன்றாகவே இருந்தார். ஆனாலும் கடல் தாண்டி இருப்பவர்களிடமிருந்து சத்தம் நின்றுபோவதை அப்பாவால் தாங்க முடியாது.

அப்பா தினமும் போய் நிற்கும் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து அவரோடு போனேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, இருபது நிமிட ஏற்றம். ஒரு பக்கம் சோலைக்காடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பனி இறங்கி, முன்னால் போகும் அப்பாவின் மப்ளர் மட்டும்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவில் நின்று, "இந்தா, இந்த எடந்தான்" என்றார். அங்கே அந்த சில்வர் ஓக் மரம் நின்றது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்த மரம். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் போனுக்கு சிக்னல் வந்தது. மூன்று நாள் செய்தி மொத்தமும் வந்து விழுந்தது. டிங், டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது.

அப்பாவின் கை என் கையை அழுத்திப் பிடித்தது. "அமத்து புள்ள. சத்தத்த அமத்து." நான் நிமிர்ந்து பார்த்தேன். பத்தடி தள்ளித் தேயிலைக்குள் பாறை என்று நினைத்திருந்தது மூச்சு விட்டது. ஒற்றைக் காட்டெருமை. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, அதற்கு மேலே முழுக்கக் கறுப்பு. போனை அமர்த்தப் பார்த்தேன், பனியில் நனைந்த விரலுக்குத் திரை கேட்கவில்லை. முதியோர் இல்லத்துக் குழுவில் ஒவ்வொருவராக எனக்கு விடுமுறை வாழ்த்து அனுப்பியிருந்தார்கள், ஒவ்வொன்றும் சத்தம் போட்டது. அப்பா அதைப் பிடுங்கி ஸ்வெட்டருக்குள் திணித்து அக்குளில் இறுக்கிக்கொண்டார். காட்டெருமை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அது மூக்கால் ஒரு சத்தம் விட்டுவிட்டு, திரும்பிச் சோலைக்குள் இறங்கிப் போனது.

இறங்கி வரும் வழியில் அப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இது நம்மளுக்குத் தெரிஞ்ச ஆளுதான் புள்ள. தை மாசம் ஒரு நாளு, ராவைக்கு என்னா சாப்பாடுன்னு நீ கேட்டப்ப அந்தா அங்கனதான் நின்னுச்சு" என்றார்.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் கிசுகிசுத்தார். நான் அலுப்பில் எரிந்து விழுந்தேன். "ஒண்ணுமே கேக்கலப்பா, சத்தமாப் பேசுங்க! நாள் முழுக்கக் காது கேக்காதவங்ககிட்ட கத்திட்டு வர்றேன், உங்ககிட்டயும் கத்தணுமா?" என்றேன். அவர், "ரசம் புள்ள, ரசம்!" என்று சத்தமாகவே சொன்னார். இப்போது அதை நினைத்ததும் என் தலையில் நானே நாலு போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் குன்னூர் போனேன். அங்கேதான் நெட் ஒழுங்காகக் கிடைக்கும். அப்பா போனின் செட்டிங்ஸில் இருந்த மாடல் எண்ணைப் போட்டுத் தேடினேன். வாங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்துச் செய்திருக்க வேண்டிய வேலை. டவரும் போனும் பேசிக்கொள்ளும் அலைவரிசைகளை பேண்ட் என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். போனுக்குள் அந்த எண் இல்லையென்றால் டவர் பக்கத்திலேயே நின்று கூவினாலும் அதற்குக் கேட்காது. எங்கள் சிம் கம்பெனிக்கு மூன்று, ஐந்து, நாற்பது. அப்பாவின் போனில் ஒன்று, மூன்று, பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பத்திரண்டு. பொதுவாக இருந்தது மூன்று மட்டும். குன்னூரில் நிறைந்து நின்ற நாலு கோடும் அந்த மூன்றால் வந்தவை. அது டவரை விட்டு அதிக தூரம் போகாது, எங்கள் பக்கம் தண்ணீர்த் தொட்டி வளைவோடு நின்றுவிடும். தூரம் போவது ஐந்துதான், மேட்டைத் தாண்டி எங்கள் லயத்துக்கு இறங்குவதும் அது ஒன்றுதான். எங்கள் சிம்முக்குப் பேச்சும் 4ஜி வழியாகத்தான் என்பதால் வேறு போக்கிடமும் இல்லை.

அங்கேயே ஒரு கடையில் போன் கேட்டு, உள்ளே ஐந்தாம் பேண்ட் இருக்கிறதா என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, பேண்டு நம்பரெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க. கேமரா எத்தனைன்னுதான் கேப்பாங்க. இங்க பாருங்க, டவர் ஃபுல்லாத்தானே காட்டுது?"

"குன்னூர்ல எல்லாப் போனும் ஃபுல்லாத்தாங்க காட்டும். எங்க அப்பா குன்னூர்ல இல்லீங்களே," என்றேன். அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஐந்தும் நாற்பதும் இருந்தன. அதே பெயரில் வரும் போனே நாட்டுக்கு நாடு உள்ளே வேறாக இருக்கும் என்பதால், எண்ணை ஓர் எழுத்து விடாமல் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு வாங்கினேன். நீங்களும் பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். அன்று மாலை எங்கள் ஜன்னலில் இரண்டு கோடு நின்றது. அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த செல்வி அக்காவைப் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார்.

நான் திரும்பி வந்து மூன்று வாரம், தினமும் ஐந்து மணிக்கு அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேசினார். பின்னால் அம்மா பீன்ஸ் நறுக்குவாள். இனி பயமில்லை என்றுதான் நினைத்தேன். போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்த ஒருநாள் பேச்சுக்கு நடுவே, "இரு புள்ள, நாய் கொலைக்குது" என்று போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு நிமிடம் கழித்து, காட்டெருமை பாத்தியை மிதித்துவிட்டுப் போய்விட்டது என்று திட்டிக்கொண்டே வந்தார். அந்த ஆறு நிமிடத்தைத்தான் நான் இன்னும் தாண்டவில்லை. திரையில் திறந்த கதவு. அதற்கு வெளியே வெறும் பனி. செல்வி அக்கா, "மாடு! மாடு வந்துருச்சு!" என்று அலறுவது கேட்டது. நாய் குரைப்பது பட்டென்று நின்றது. "அப்பா! உள்ள வாங்கப்பா! கதவச் சாத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நான் தங்கியிருக்கும் விடுதியில் சுவர் மெலிது. பக்கத்து அறையில் இருக்கும், என்னைவிட மூத்தவளான ஜப்பானியப் பெண் ஓடிவந்து தட்டினாள். திறந்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். "யார் வந்தது?" என்றாள். காட்டெருமைக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. "உஷி" என்றேன். மாடு. அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, தாழ்வாரத்தின் இரண்டு கோடியையும் எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, என் அறைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள், சங்கிலியையும் மாட்டினாள், எனக்குக் காட்டுவதற்காக இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். பூட்டியாகிவிட்டது, இனி யாரும் உள்ளே வர முடியாது என்று, நாங்கள் இல்லத்து முதியவர்களிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். நான் தலை குனிந்து நன்றி சொன்னேன். குனிந்த கண்ணுக்கு நேரே, என் கையிலிருந்த போனில் எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பனி வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.