தையல்கார அக்கா வீட்டுப் பின்புறம்

எங்கள் தெருவில் கடைசி வீடு தையல்கார அக்காவுடையது. அதற்கப்புறம் காடுதான். அவரைக் கொடியை மான்கள் மொட்டையடிக்கும்போதெல்லாம் "கட்டையில போறதுங்க" என்று ஏசுவாள். ஆனால் வேலி மட்டும் போட மாட்டாள். குட்டி போடும் மாதங்களில் தையல் மெஷினைப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு இழுத்துவிடுவாள். சத்தத்துக்கு மான் மிரளுமாம். புல்லையும் வெட்ட மாட்டாள். பாம்பு வரும் என்று நான் சண்டைக்கே போயிருக்கிறேன்.

அவளுக்கு ஒரே மகள். புருஷன் செத்த பிறகு, நாலு வயசுப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் துணிக் கம்பெனிக்குப் போவாள். மத்தியானம் ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவாள். யாரோ அவள் நாத்தனாருக்குத் தகவல் சொல்ல, நாத்தனார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். போனது போனதுதான். இருபது வருஷமாச்சு. மகள் இப்போது பெற்றவளை 'அவங்க' என்கிறாளாம்.

போன வாரம் அக்கா நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். காற்றில் பறந்த என் துண்டை எடுக்க அவள் பின்புறம் போனேன். புல்லுக்குள் ஒரு மான்குட்டி, அசையாமல் கிடந்தது. உச்சி வெயில். தாயைக் காணோம். எனக்கு மனசு உருகிவிட்டது. ஊருக்கு உபகாரி என்று பேர் வாங்கும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. துண்டிலேயே சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து, பாக்கெட் பாலைக் காய்ச்சிப் பாட்டிலில் புகட்டினேன்.

சாயங்காலம் அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தாய் விட்டுட்டுப் போகலடி. மேயப் போயிருக்கு. கூடவே நின்னா நாய் கண்டுபிடிச்சிடும்னு தள்ளி நிக்கும். பொழுது சாஞ்சா வந்து பால் குடுக்கும்."

ஓடிப்போய் அதே புல்லில் கிடத்தினோம். என் பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கழிந்து கழிந்து காலைக்குள் செத்துப்போனது. அக்காதான் குழி வெட்டிப் புதைத்தாள். மூன்று நாள் சாயங்காலமும் தாய்மான் வந்து புல்லை மோந்துவிட்டுப் போனது.

நாலாம் நாள் அக்கா புல்லை வெட்டினாள். மெஷினைப் பின்னறைக்கு இழுத்தாள். கை கொடுக்கப் போனேன்.

"வேணாம். நீ பண்ண நல்லதெல்லாம் போதும். அன்னிக்கு என் நாத்தனாருக்கு போன் போட்டதும் நீதான். எனக்கு அப்பவே தெரியும்."

இந்த இருபது வருஷமும் என் துணியெல்லாம் அவள்தான் தைக்கிறாள். ஒரு தடவைகூட அளவு தப்பியதில்லை.