தானாக வாய் திறந்த இடுக்கி

விறகுக் கிடங்கில் அவளுக்கு இடுக்கி அக்கா என்று பேர். டிராக்டரின் முன்னால் பொருத்திய இரும்பு இடுக்கியால் அடிமரத்தைக் கவ்வி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அசையாமல் பிடித்துக்கொடுப்பது அவள் வேலை. நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அவளுடைய தம்பி மோட்டார் ரம்பத்தால் துண்டு துண்டாக அறுப்பான். பதினோரு வருஷமாக இருவரும் இப்படித்தான். அவன் தலையசைத்தால் போதும், அடுத்த துண்டுக்கு மரத்தை நகர்த்திவிடுவாள்.

ஒரு மாதமாக இடுக்கி சரியில்லை. கவ்விய மரம் கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. பிடியை இறுக்கும் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஆயில் சீல் போய்விட்டதென்று முதலாளியிடம் மூன்று தடவை சொன்னாள்.

"இந்த லோடு போகட்டும்மா, பாக்கலாம்" என்றார் முதல் இரண்டு தடவை. மூன்றாம் தடவை சிரித்தார். "உனக்குக் கை நடுங்குது, மிஷினைக் குத்தம் சொல்ற."

அந்த வியாழக்கிழமை தம்பி குனிந்து அறுத்துக்கொண்டிருக்கையில் மரம் நழுவி அவன் இடது கணுக்காலில் விழுந்தது. எலும்பு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, தம்பி மனைவியிடம் உச்சுக்கொட்டியபடி சொன்னார்: "என்ன பண்றது, உங்க நாத்தனார் இடுக்கியோட லிவரை மாத்தி இழுத்துட்டாங்க."

ஆபரேஷன் முடிந்து தம்பி மயக்கத்தில் கிடந்தான். குனிந்து அறுத்துக்கொண்டிருந்த அவனும் லிவரைப் பார்க்கவில்லை; அக்கா சொன்ன உண்மையை நம்ப ஆள் இல்லை. அவன் மனைவி அதற்குப்பின் அக்காவின் முகத்தையே பார்க்கவில்லை. கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது. தப்பையும் செய்துவிட்டு, பழியையும் தூக்கி என் தலையில் போடுவானா இந்த முதலாளி என்று அக்கா பொருமினாள்.

திங்கட்கிழமை காலை தம்பி மனைவியின் கையைப் பிடித்துக் கிடங்குக்கு இழுத்துவந்தாள். "திட்டணும்னா அப்புறம் திட்டு. முதல்ல பாரு."

வேலையாட்கள் கூடினார்கள். முதலாளியும் வந்தார். அக்கா டிராக்டரில் ஏறி ஒரு மரத்தைக் கவ்வித் தூக்கினாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் இடுக்கி மெல்ல வாயைத் திறந்தது. மரம் தொப்பென்று விழுந்தது.

"என் கை எங்கம்மா இருந்துச்சு?"

தம்பி மனைவி விழுந்த மரத்தையும் அக்காவின் மடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இஞ்சின் சூடாகல, அதான்" என்றார் முதலாளி.

"அப்படியா? சூடு பண்ணிட்டுத் திரும்பத் தூக்குறேன். தம்பி நின்ன இடத்துல நீங்க வந்து நில்லுங்க."

அவர் நகரவில்லை. நகர்ந்தார் என்றால் பின்னால்தான், இரண்டடி.

அவள் டிராக்டர் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். "சீல் மாத்துங்க. என் தம்பி வீட்டுக்குப் போய், எது கெட்டுப்போச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுவரைக்கும் இது நகராது."

மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மாற்று ஆள் தேடினார் முதலாளி. அந்த இடுக்கியின் பக்கத்தில் நின்று அறுக்க ஒருவனும் ஒப்பவில்லை. நான்காம் நாள் மெக்கானிக் வந்து சீலை மாற்றினான். அன்று சாயங்காலமே முதலாளி தம்பி வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மிஷின்லதான் கோளாறு" என்று முனகிவிட்டுப் போனார்.

"நான் மூணு தடவை சொல்லியும் தான் கேக்கலன்னு சொன்னாரா பாரு!" என்று அக்கா கொதித்தாள்.

"நானும்தானே கேக்கல, அண்ணி" என்று சொல்லித் தம்பி மனைவி அழுதாள். அக்கா அவளைத் தேற்றினாள். முதலாளியை மட்டும் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.